மக்காச்சோளத்தின் கதை – 14: ஒரே தாயின் பிள்ளைகள்

வடக்கத்தி இலைக்கருகல் நோயோடு சென்ற இதழை முடித்திருந்தோம். இலினாய் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹூக்கர், ‘லேடி ஃபிங்கர்’ என்ற பொரிச்சோள ரகத்திலும் ஜிஇ440 என்ற தூய வரிசையிலும் கண்டெடுத்த எச்.டி. மரபணுவை விதைக்காரர்கள் தங்கள் பெற்றோர் வரிசைகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒற்றை மரபணு, ஓங்கு தன்மை கொண்டது. ஒரு முறை கலந்துவிட்டு, நல்ல பெற்றோரோடு திரும்பத் திரும்பக் கலந்தால் போதும். சில ஆண்டுகளில் பழைய வரிசையே எதிர்ப்போடு கைக்கு வந்துவிடும். இதில் கிடைத்த வெற்றி அந்தத் தலைமுறை வளர்ப்பாளர்களுக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்கிவிட்டது. நோய் எதிர்ப்பு என்றால் உட்கருவில் இருக்கும் குரோமோசோம்களில் தேடுவார்கள். அங்கே தேடியதில் தவறே இல்லை. ஆனால் 1970இல் நோய் வேறு வாசல் வழியாக வந்தது.

அந்த வாசலைத் திறந்துவைத்தது பூஞ்சையோ பூச்சியோ இல்லை, கூலிச் செலவு.

வீரிய ஒட்டு விதை எடுக்கும் வயலில் தாய்ச்செடிகள் பல வரிசை, இடையிடையே தந்தைச் செடிகள் ஓரிரு வரிசை என்று நடுவார்கள். மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து உச்சியில் இருக்கும். கதிர் இடுப்பளவு உயரத்தில் தோகையிடுக்கில் பிறக்கும். தாய் வரிசையில் உச்சிப் பூ விரிந்து மகரந்தம் கொட்டுவதற்கு முன்னால் அதைப் பிடுங்கி எறிந்தாக வேண்டும். ஒன்றிரண்டு தப்பினாலும் தாய் தன் மகரந்தத்தையே தான் ஏற்றுக்கொள்ளும். ஒட்டு விதையில் கலப்படம் விழும். எல்லாச் செடியும் ஒரே நாளில் பூ விடுவதும் இல்லை. பிடுங்கிய வரிசைக்கே மறுபடி மறுபடி போக வேண்டும்.

அயோவா, இலினாய் மாநிலங்களில் இந்த வேலை ஜூலை மாதத்தில் வரும். பள்ளி விடுமுறைப் பிள்ளைகளைப் பேருந்தில் அள்ளிக்கொண்டு விடியற்காலையில் வயலில் இறக்கிவிடுவார்கள். தலைக்கு மேல் வளர்ந்த பயிருக்குள் நுழைந்தால் தோகையில் தேங்கிய பனியில் சட்டை முழுக்க நனைந்துவிடும். வெயில் ஏற ஏற அந்த ஈரம் வியர்வையாக மாறும். தோகை விளிம்பின் சுணை முழங்கையிலும் கழுத்திலும் கோடு கோடாக அறுக்கும். அமெரிக்க நடுமேற்கில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு முதல் சம்பளம் என்பதே இந்தப் பூப்பறிப்புதான். விதைக் கம்பெனிகளுக்கோ இது ஆண்டுதோறும் வரும் தலைவலி. பல்லாயிரம் பேரைச் சில வாரங்களுக்குத் திரட்ட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வயலில் இறங்க முடியாது. பூ மட்டும் காத்திருக்காது.

பூவே மலடாக இருந்துவிட்டால்?

அப்படியொரு செடியை மார்கஸ் ரோட்ஸ் என்ற மரபியலாளர் 1930களின் தொடக்கத்திலேயே பார்த்திருந்தார். பெரு நாட்டு விதையிலிருந்து வந்த செடி அது. உச்சியில் பூங்கொத்து இருந்தது; மகரந்தம் இல்லை. கதிர் மட்டும் ஒழுங்காக மணி பிடித்தது. இந்த மலட்டுத்தன்மை தாயிடமிருந்து மட்டுமே இறங்கியது என்பதுதான் விசேஷம். எந்தத் தந்தையைக் கொண்டு கலந்தாலும், எத்தனை தலைமுறை கலந்தாலும், தாய் மலடென்றால் பிள்ளையும் மலடு. காரணம் எளியது. மகரந்தம் தன் பங்காகக் கொண்டுவருவது உட்கருவைத்தான். உட்கருவைச் சுற்றியிருக்கும் சைட்டோபிளாசமும் அதில் மிதக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் சூல் முட்டையின் சொத்து, அதாவது தாய்வழிச் சொத்து.

ரோட்ஸின் செடி அறிவுக்கு விருந்தாக இருந்ததோடு சரி, தொழிலுக்கு உதவவில்லை. தொழிலுக்கு வேண்டிய மலடு டெக்சாஸில் கிடைத்தது. 1944இல் ஜே. எஸ். ரோஜர்ஸ் ‘கோல்டன் ஜூன்’ என்ற நாட்டு ரகத்தின் வழிவந்த செடிகளில் அதைக் கண்டார். அவரும் ஜே. ஆர். எட்வர்ட்சனும் 1952இல் எழுதிய கட்டுரையோடு அது பரவலாகத் தெரியவந்தது. டெக்சாஸ் சைட்டோபிளாசம் என்றார்கள், சுருக்கமாக ‘டி’. வெயிலோ குளிரோ, எந்த ஊரில் நட்டாலும் இதன் மலடு மாறவில்லை. வேறு மலட்டு வகைகளில் சில, சில பருவங்களில் திடீரென்று மகரந்தம் உதிர்த்துக் காலை வாரிவிடும். டி அப்படிச் செய்யாது.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. விதை வயலில் மலடு வரம்தான். விவசாயியின் வயலிலும் செடி மலடாக நின்றால் மகரந்தத்துக்கு எங்கே போவது? முதலில், ஆள் வைத்துப் பூப்பறித்து எடுத்த சாதாரண விதையையும் மலட்டு விதையையும் ஒரே பையில் கலந்து விற்றுச் சமாளித்தார்கள். நிரந்தரமான வழி மீட்பு மரபணு. அதைத் தந்தை வரிசையில் வைத்துவிட்டால், மலட்டுத் தாய்க்குப் பிறந்த பிள்ளை மறுபடி மகரந்தம் தரும். இந்த முறைக்கு 1956இல் காப்புரிமை வாங்கியவர் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவர்: கனெக்டிகட் ஆய்வு நிலையத்தின் டொனால்டு ஜோன்ஸ். நான்கு பெற்றோரை இரண்டிரண்டாகக் கலந்து, வரும் இரண்டு ஒட்டுகளை மறுபடி கலக்கும் இரட்டைக் கலப்பு முறையால் வீரிய ஒட்டு விதையை விவசாயிக்குக் கட்டுப்படியான விலைக்குக் கொண்டுவந்த அதே ஜோன்ஸ். பொதுப்பணத்தில் வளர்ந்த ஓர் உத்திக்குத் தனிமனிதர் காப்புரிமை வாங்குவதா என்று சக வளர்ப்பாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். வழக்கும் நடந்தது. அந்தச் சண்டை தனிக்கதை. இங்கே அதற்கு இடமில்லை.

டி சைட்டோபிளாசம் அடுத்த பதினைந்து ஆண்டில் நாட்டையே பிடித்துவிட்டது. 1970இல் அமெரிக்காவில் விதைத்த மக்காச்சோளத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் இந்தத் தாய்வழியில் வந்தது. கடையில் அடுக்கியிருந்த பைகளில் பெயர்கள் வேறு, எண்கள் வேறு, உயரமும் விளையும் நாளும் வேறு. உட்கருவைப் பொறுத்தவரை அவை வேறு வேறு ரகங்கள்தான். ரகம் அதிகம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் பொய்யில்லை. ஆனால் டெக்சாஸிலிருந்து கனடா எல்லை வரை நின்ற அந்தக் கோடிக்கணக்கான ஏக்கர் பயிரின் மைட்டோகாண்ட்ரியா, 1944இல் ஒரு வயலில் கண்டெடுத்த மலட்டுச் செடியின் மைட்டோகாண்ட்ரியாதான்.

எச்சரிக்கை வராமல் இல்லை. பிலிப்பைன்ஸில் மெர்காடோவும் லாந்திகானும் 1961இலேயே எழுதிவிட்டார்கள்: டி சைட்டோபிளாசம் உள்ள செடிகளை ஹெல்மின்தோஸ்போரியம் மேடிஸ் என்ற பூஞ்சை, அதாவது தெற்கத்தி இலைக்கருகல் நோயை உண்டாக்குவது, மற்றச் செடிகளைவிடக் கடுமையாகத் தாக்குகிறது. 1965இல் அதே நாட்டிலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. அமெரிக்கர்கள் இவற்றைப் படித்தார்கள். தங்கள் வயல்களில் மலட்டுச் செடியையும் சாதாரணச் செடியையும் ஒப்பிட்டும் பார்த்தார்கள். வேறுபாடு தெரியவில்லை.

கதையைப் பின்னாளில் எழுதியவர்களில் பலர் இந்த இடத்தில் அமெரிக்க விஞ்ஞானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அவர்கள் பார்த்த சோதனை பொய்யான சோதனையல்ல. அவர்கள் ஊரில் அப்போது இருந்த பூஞ்சை டி செடியையும் மற்றதையும் ஒரே மாதிரிதான் நடத்தியது. பிலிப்பைன்ஸில் இருந்தது வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம், அது ஒரு நாள் இங்கும் வரலாம் என்று யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனைதான் எழவில்லை. வெப்பமண்டலத்து ஈரம், வெப்பமண்டலத்து நோய் என்று கோப்பை மூடிவிட்டார்கள். ஒரே மாதிரியான பயிர்கள் புதிய நோய்க்கு மொத்தமாக இரையாகும் ஆபத்தை ஜோன்ஸே எழுத்தில் எச்சரித்திருந்தார் என்பது இதைவிட வேதனை. 1963இல் அவர் இறந்துவிட்டார்.

1969இல் நடுமேற்கின் சில விதை வயல்களில் டி செடிகளில் மட்டும் கதிரழுகலும் கருகலும் தென்பட்டன. 1970 பிப்ரவரியில் தென் ஃபுளோரிடாவில் நோய் தெளிவாகத் தலைகாட்டியது. மே மாதத்தில் அது வளைகுடாக் கரையோர மாநிலங்களுக்கு வந்துவிட்டது. ஈரமான, வெதுவெதுப்பான கோடை. பூஞ்சை வித்து தோகையில் விழுந்து, முளைத்து, புண்ணாகி, அந்தப் புண்ணிலிருந்து அடுத்த வித்துகள் கிளம்ப மூன்று நாள் போதும். தெற்கிலிருந்து வீசும் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. ஆகஸ்டில் இலினாய், இந்தியானா, அயோவா. கோடை முடியும்போது விஸ்கான்சின், மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ.

பழைய கருகல் எப்படி இருக்கும் என்று விவசாயிகளுக்குத் தெரியும். நரம்புகளுக்கு நடுவே சிறிய, பக்கங்கள் நேரான பழுப்புப் புள்ளிகள் விழும், இலையோடு நின்றுவிடும். பெரிய நஷ்டம் இருக்காது. இந்த முறை வந்த புண்கள் பெரியவை. கதிர்க்குச்சி போல் நடுவில் அகன்று முனைகளில் குறுகியிருந்தன. சுற்றிலும் மஞ்சள் வளையம். தோகையில் தொடங்கி, தண்டைச் சுற்றிய உறைக்கு இறங்கி, தட்டையைப் பிடித்து, கதிரை மூடிய மடலைத் துளைத்து உள்ளே போயின. மடலை உரித்தால் மணிகளின் மேல் கரும்பூசணம் படிந்திருந்தது. தெற்கில் சில வயல்களில் அறுக்க எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்திலேயே, ஆள் வைத்துப் பூப்பறித்த பழைய முறை விதையைப் போட்டவர் வயல் பச்சையாக நின்றது. விஞ்ஞானி சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தாலே போதும்.

சிகாகோ சந்தையில் மக்காச்சோள விலை ஆகஸ்டில் எகிறியது. அறுவடைக் கணக்கு இப்படி முடிந்தது: 1969இல் ஏக்கருக்குச் சராசரி 86 புஷல், 1970இல் 72. (மக்காச்சோளத்தில் ஒரு புஷல் என்பது 25 கிலோவுக்குச் சற்று அதிகம்.) நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை நோய் கொண்டுபோனது; நஷ்டம் சுமார் 100 கோடி டாலர். பஞ்சம் வரவில்லை. அமெரிக்காவில் அப்போது மக்காச்சோளம் பெரும்பாலும் பன்றிக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் போன தீவனம்; கிடங்குகளில் முந்தைய ஆண்டு இருப்பும் இருந்தது. இதே நோய், மக்காச்சோளத்தையே மூன்று வேளையும் தின்னும் ஒரு நாட்டில் வந்திருந்தால் இந்த அத்தியாயத்தின் தலைப்பே வேறாக இருந்திருக்கும்.

புதிய பூஞ்சைக்குப் பெயர் வைத்தவர்களும் இலினாய்க்காரர்கள்தான். ஹூக்கரும் அவருடைய சகாக்களும். பழையது ஓ இனம். இது டி இனம். டி இனம் ஒரு நச்சைச் சுரக்கிறது என்பதும், டி சைட்டோபிளாசம் உள்ள செடியை அந்த நச்சு குறிவைத்துத் தாக்குகிறது என்பதும் சீக்கிரமே தெரிந்துவிட்டன.

அடுத்த ஆண்டுக்கு விதை வேண்டுமே! குளிர்காலத்திலும் மக்காச்சோளம் விளையும் ஹவாய், மெக்சிகோ, தென் அமெரிக்கா என்று கம்பெனிகள் ஓடின. சாதாரண சைட்டோபிளாசம் உள்ள விதையை அங்கே பெருக்கின. அப்படியும் போதவில்லை. 1971 விதைப்புக்கு வந்த பைகளில் மூன்று வகை அடையாளம் இருந்தது: டி என்றால் டெக்சாஸ், என் என்றால் சாதாரணம், பி என்றால் இரண்டும் கலந்தது. நோய் அடுப்பாக எரிந்த தெற்குக்கு என் விதையில் முன்னுரிமை தந்தார்கள். மற்றவர்கள் கிடைத்ததை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள். வானம் கைகொடுத்தது. 1971 கோடை பூஞ்சைக்குச் சாதகமாக இல்லை. விளைச்சல் ஏக்கருக்கு 88 புஷலைத் தொட்டது. அதற்குள் விதை வயல்கள் பழைய வழிக்குத் திரும்பிவிட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஜூலை மாத வேலை மறுபடி கிடைத்தது.

தேசிய அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்து, அமெரிக்காவின் முக்கியப் பயிர்கள் எந்த அளவுக்கு மரபுரீதியாக ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்கின்றன என்று ஆராய்ந்தது. 1972இல் அறிக்கை வந்தது. மக்காச்சோளம் விதிவிலக்கில்லை, பெரும்பாலான பயிர்களின் நிலை இதுதான் என்பது அதன் முடிவு. மரபு வளங்களைச் சேமிக்கும் விதை வங்கிகளுக்கு அரசு பணம் ஒதுக்க அந்த அறிக்கை வெகுவாக உதவியது.

வயலில் பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் தீரவில்லை. மலட்டுத்தன்மையும் நச்சுக்கு இரையாவதும் ஒரே சைட்டோபிளாசத்தில் சேர்ந்து வந்தது தற்செயலா? தற்செயல் என்றால் இரண்டையும் பிரித்துவிடலாம். நோய்க்கு அஞ்சாத மலடு கிடைக்கும். பூப்பறிப்புச் செலவு மறுபடி மிச்சமாகும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கெங்கன்பாக், கிரீன் ஆகியோர் இதைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தார்கள். டி செடியின் திசுவைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்தார்கள். வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சையின் நச்சைச் சேர்த்தார்கள். பெரும்பாலான செல்கள் செத்தன. நச்சின் அளவைக் கூட்டக் கூட்டச் சில திட்டுகள் மட்டும் தாக்குப்பிடித்து வளர்ந்தன. அவற்றிலிருந்து முழுச் செடியை எழுப்பி வயதுக்கு வரும்வரை காத்திருந்தார்கள். செடிகள் நச்சுக்கு அசையவில்லை. நோய் எதிர்ப்பு கிடைத்துவிட்டது! ஆனால் உச்சியில் பூ விரிந்தபோது மகரந்தம் கொட்டியது. எதிர்ப்பு வந்த செடியில் மலடு போய்விட்டது. இந்த முடிவு 1977இல் அச்சேறியது.

ஏன் என்ற கேள்விக்கு 1986இல் விடை வந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டியூயி, லெவிங்ஸ், டிமத்தி மூவரும் டி செடியின் மைட்டோகாண்ட்ரியா மரபுப் பொருளில் ஒரு விசித்திரமான மரபணுவைக் கண்டார்கள். வேறு மரபணுக்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொண்டதில் புதிதாக முளைத்தது அது. சாதாரணச் செடியில் இல்லை. பெயர் டி-யுஆர்எஃப்13. அது உண்டாக்கும் சிறிய புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பூஞ்சையின் நச்சு வந்து அந்தப் புரதத்தைப் பற்றியதும் சவ்வில் துளை விழுகிறது. மைட்டோகாண்ட்ரியா ஓட்டைக் குடமாகி உள்ளே இருப்பதையெல்லாம் ஒழுகவிடுகிறது. செல்லுக்கு சக்தி தருவது நின்றுபோய் இலை கருகுகிறது. இதே புரதத்தை ஈ.கோலை பாக்டீரியாவில் உண்டாக்கி நச்சைக் காட்டினார்கள். அந்தப் பாக்டீரியாவும் செத்தது. மெத்தோமில் என்ற பூச்சிக்கொல்லியும் டி செடியின் மைட்டோகாண்ட்ரியாவை இதே விதமாகத் துளைக்கும் என்பது உபரித் தகவல்.

மலட்டுக்கும் அதே புரதம்தான் காரணம். மகரந்தத்துக்கு ஊட்டம் தரும் திசுவில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பல மடங்கு பெருகும். அந்தச் சமயத்தில் இந்தப் புரதத்தின் தொல்லையைத் திசு தாங்காமல் முன்கூட்டியே சிதைகிறது. பட்டினி கிடந்த மகரந்தம் கருவிலேயே அழிகிறது. ஆக, விதைக்காரர்கள் இருபது ஆண்டு கொண்டாடிய வரமும் 1970இல் வந்த சாபமும் ஒரே மரபணுவின் இரண்டு வேலைகள். மினசோட்டாவில் பிழைத்த செல்கள் அந்த மரபணுவை இழந்தோ சிதைத்தோதான் பிழைத்திருந்தன. மீட்பு மரபணுவும் மகரந்தத்தைத் திருப்பித் தந்ததே தவிர, செடியை நச்சிலிருந்து காக்கவில்லை. டி சைட்டோபிளாசத்தை வைத்துக்கொண்டே நோயை வெல்ல எவ்வளவு மெனக்கெட்டிருந்தாலும் நடந்திருக்காது.

வளர்ப்பாளர்களுக்கு இது புதுவகைப் பாடம். அவர்கள் அறிந்த எதிர்ப்பு, செடியிடம் கூடுதலாக இருக்கும் ஒரு சாமான்: ஹூக்கரின் எச்.டி. போல. டி இனத்துக்கான எதிர்ப்போ, ஒரு சாமான் இல்லாமலிருப்பது. ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பூஞ்சையின் பங்காளி ஒன்று இருக்கிறது, காக்லியோபோலஸ் கார்போனம். 1938இல் இந்தியானாவில் சில தூய வரிசைகளைக் கருக்கியபோது கண்ணில் பட்ட நோய் அதனுடையது. அதுவும் நச்சைச் சுரப்பதுதான். ஆனால் பெரும்பாலான மக்காச்சோளத்தில் எச்எம்1 என்ற மரபணு இருக்கிறது. அது தரும் நொதி அந்த நச்சைச் செயலிழக்கச் செய்துவிடும். 1992இல் குர்முக் ஜோஹலும் ஸ்டீவன் பிரிக்ஸும் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். எந்தத் தாவரத்திலிருந்தும் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நோயெதிர்ப்பு மரபணு அது. நெல்லுக்கும் கோதுமைக்கும் முன்னால் மக்காச்சோளம் முந்திக்கொண்டதில் இந்தத் தொடரை எழுதுகிறவனுக்குச் சிறு பெருமை உண்டு. எச்எம்1 உள்ள செடி பிழைக்கும். டி-யுஆர்எஃப்13 இல்லாத செடி பிழைக்கும். வயலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே பச்சைதான்.

பழைய ஓ இனத்துக்கான எதிர்ப்பின் கதை வேறு. நைஜீரிய மக்காச்சோளத்தில் கிரெய்க், ஃபஜெமிசின் இருவரும் 1969இல் விவரித்த ஒடுங்கு மரபணு ஒன்று, புண்ணைச் சிறிய மஞ்சள் புள்ளியளவில் நிறுத்திவைக்கிறது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும். இன்றைய வளர்ப்பாளர்கள் ஓ இனத்துக்கு நம்பியிருப்பது பெரும்பாலும் சிறு சிறு விளைவு தரும் பல மரபணுக்களின் கூட்டை. எந்த ஒன்றையும் தனியாகச் சுட்டிக்காட்டிப் பேர் வைக்க முடியாத கூட்டு.

டெக்சாஸ் தாய்வழி விதைச் சந்தையிலிருந்து போய்விட்டது. ஹூக்கரின் எச்.டி. மரபணுவோ 1970களில் அமெரிக்க வயல்களில் செழித்தது; பி37, ஓஎச்43, மோ17 போன்ற பிரபலமான பெற்றோர் வரிசைகள் எல்லாவற்றிலும் அதை ஏற்றிய பதிப்பு வந்துவிட்டது. 1970களின் முற்பாதியில் ஹவாயில் வடக்கத்தி இலைக்கருகல் பூஞ்சையின் ஒரு புதிய இனம் எச்.டி. செடிகளைத் தாக்கியது. ஹவாய் தொலைவில் இருக்கிறது, அங்கே ஆண்டு முழுக்க மக்காச்சோளம் நிற்கிறது, அங்குள்ள ஈரம் வேறு என்று பேசிக்கொண்டார்கள். 1979இல் அந்த இனம் இந்தியானாவில் தென்பட்டது. அதற்குள் தென்னாப்பிரிக்காவில் ஒருவர், பெபிடில்லா என்ற மெக்சிகோ நாட்டு ரகத்திலிருந்து வேறு மாதிரியான எதிர்ப்பை எடுத்து வைத்திருந்தார். அடுத்த இதழில் பெபிடில்லா.